கோகிலவாணி பிடித்துக்கொள்வாள்

உக்காரு கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. ராமாத்தா, ரெண்டு டீ சொல்லு. நாமக்கல் வெட்னரி காலேஜ்தானே நீயும்? இல்லையா, ஒரத்தநாடா? சரி, எல்லாம் ஒண்ணுதான். மாடு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் உதைக்கும்.

சர்டிபிகேட் எல்லாம் அப்பறம் பார்த்துக்கலாம், உள்ள வை. நான் ஆளைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கறது. கோகிலவாணியையும் அப்புடித்தான் எடுத்தேன். அவளைப் பத்தி நானே உனக்குச் சொல்லிடறது நல்லது. இந்தத் தாராபுரத்துல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. எதிர்த்த மெடிக்கல் கடைக்காரன் இருக்கானே, அவன் சொல்லுவான், டாக்டரம்மா ஒரு நல்ல புள்ளையை விரட்டி உட்டுருச்சுன்னு. நான் விரட்டலை கண்ணு. அவளாத்தான் போனா. போய் வருஷத்துக்கு மேல ஆச்சு.

பழனிக்குப் பக்கத்துல நெய்க்காரப்பட்டிக்காரி. ஒல்லியா, வெடவெடன்னு இருப்பா. இவ எங்க மாட்டைப் புடிக்கப் போறான்னு நினைச்சேன். வந்த அன்னிக்கே மில்லுக்காரர் வீட்டு நாய் வந்துச்சு, ஜெர்மன் ஷெப்பர்டு. வாய்க்கட்டுப் போட உடாது. அதுக்கு ஊசி போடறதுன்னா நாலு ஆள் வேணும். இவ நேராப் போனா. இடது கையைக் கழுத்துக்கு அடியில குடுத்தா, வலது கையை முதுகு மேல போட்டா, அதோட விலாவுல நெஞ்சைச் சாய்ச்சுக்கிட்டு காதுகிட்ட என்னமோ பேசினா. ஊசி போட்டதே தெரியாம நின்னுச்சு அந்த நாய். என்னடி பேசினேன்னா, "காலையில சாப்புட்ட உப்புமா நல்லாவே இல்லைன்னு சொன்னேன் மேடம்"ங்கறா!

எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, இது சாமி குடுத்த கைன்னு. அன்னியிலிருந்து இந்த டேபிள் மேல எது ஏறினாலும் கோகிலவாணி புடிச்சுக்குவா. நாய், பூனை, ஆட்டுக்குட்டி, ஒரு தடவை குரங்குகூட. தோட்டத்துக்குப் போனா மாடு, எருமை. அவ புடிச்சா நான் நிம்மதியா வேலை பார்ப்பேன். ஊருக்குள்ளயே அவளுக்குப் பேர் வந்துருச்சு. போன் பண்றப்பவே கேப்பாங்க, "புடிக்கற டாக்டரம்மா இருக்காங்களா?"ன்னு. வந்து கொஞ்ச நாள்ல எந்தப் புள்ளைக்கு இப்புடிப் பேர் கிடைக்கும், நீயே சொல்லு. இதை அவகிட்டச் சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவா. ஒரு நாள் பின்னாடி குழாய்கிட்ட நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. ராமாத்தா வந்து சொன்னா. நான் போய்த் தோளைத் தட்டிக் குடுத்து, "பெருமைப்படு கண்ணு, என்னைக்கூட இத்தனை பேர் கேக்கறதில்லை"ன்னேன்.

அவளும் அஞ்சாறு வருஷம் படிச்ச டாக்டர்தான், நான் இல்லைங்கலை. ஆசை இருக்கும். ஒரு பூனைக்குக் கருத்தடை வந்தா, "நான் பண்ணட்டுமா மேடம்?"னு வந்து நிப்பா. பண்ணலாம் பண்ணலாம், இன்னிக்கு நீ புடி, அடுத்த தடவை பார்ப்போம்னுவேன். ஒரு நாள் கேக்கறா, "மயக்கம் போட்ட பூனையை எதுக்கு மேடம் புடிக்கோணும்?" நல்ல கேள்விதான். நடுவுல தெளிஞ்சுட்டா? கால் நழுவிட்டா? அது எல்லாம் இல்லைன்னாலும், நீ புடிச்சிருந்தா எனக்கு ஒரு தைரியம்னேன். உண்மையைத்தானே சொன்னேன். புடிச்சுக்கிட்டு என்ற கையையே பார்த்துக்கிட்டு நின்னா. எப்பவும் அப்புடித்தான், கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டா.

நீ தப்பா நினைக்காத. நான் எதுக்கு அப்புடி இருந்தேன்னா, எனக்கு நடந்தது அப்புடி. நான் முதல்ல வேலைக்குப் போனது காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி. போன வாரமே என்ற சீனியர் ஒரு தோட்டத்து வாசல்ல என்னை இறக்கி உட்டுட்டு, "உள்ள கன்னு திரும்பிக் கிடக்குது, எடுத்துட்டு வா"ன்னுட்டு ஜீப்பைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். பொம்பளை டாக்டர்னு ஊரே வேடிக்கை பார்க்குது. தோள் வரைக்கும் கையை உட்டு, மாடு முக்கறப்ப என்ற எலும்பு நொறுங்கற மாதிரி இருக்கு. கன்னு செத்துத்தான் வந்துச்சு. வீட்டுக்குப் போய் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் மறுபடியும் இறக்கி உட்டார். அந்த மனுசன் இரக்கமே இல்லாதவர். அன்னிக்கே நினைச்சுக்கிட்டேன், என்ற கையில ஒரு புள்ளை வந்தா, அதை இப்புடி அந்தரத்துல உட மாட்டேன்னு. ஆனா ஒண்ணு கண்ணு, அப்புடி இறக்கி உட்டு உட்டுத்தான் இந்தக் கை இந்தக் கை ஆச்சு. இந்தப் பக்கம் பத்து ஊர்ல கேட்டுப் பாரு, சரோஜினி டாக்டர் கைன்னா என்னன்னு சொல்லுவாங்க.

டீ வந்துருச்சு, குடி. நீயே எடுத்துக்க கண்ணு, நான் குடுத்தா சிந்தும். சுகர் வந்ததிலிருந்து இப்புடித்தான். அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்? மேல் ரூம் அவளுக்குத்தான். மத்தியானச் சாப்பாடு என்ற வீட்டுச் சாப்பாடு, எனக்கு என்னவோ அதேதான் அவளுக்கும். தீபாவளிக்குச் சேலை எடுத்தா ரெண்டா எடுப்பேன். போர்டுல என்ற பேரும் போடலாமா மேடம்னு ஒரு தடவை கேட்டா. அட, நான் வேற நீ வேறயான்னேன். எனக்குப் புள்ளை குட்டி இல்லை, அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆச்சு. எனக்கு இருந்தது ரெண்டே பேர். இவ ஒருத்தி, என்ற ஜமீன் ஒருத்தன். ஜமீன்னா நாய் கண்ணு. ராஜபாளையம். வெள்ளை வெளேர்னு, நடந்து வந்தா ஜமீன்தார் வர்ற மாதிரியே இருக்கும். அதனால அந்தப் பேர். குட்டியில நான் புட்டிப்பால் குடுத்து வளர்த்தவன். ஆனா வாணி வந்தப்பறம் சாயங்காலம் ஆனா அவ ரூம் வாசல்ல போய்ப் படுத்துக்குவான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அப்பறம் அந்த ட்ரெயினிங் வந்துச்சு. வெளிய வேலை பார்க்கற டாக்டருங்களுக்குன்னு காலேஜ்ல ஆபரேஷன் சொல்லித் தர்றாங்களாம், கொஞ்ச நாள் தங்கிப் படிக்கோணுமாம். இவளைச் சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஓடி வந்து சொல்றா. அவ அப்புடிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. "நீ போயிட்டா இங்க யாரு கண்ணு புடிக்கறது?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். போகாதேன்னு நான் சொல்லவே இல்லை. "இங்க இல்லாத ஆபரேஷனா அங்க இருக்கு? என்ற பக்கத்துல நின்னு பாரு, அதைவிடப் பெரிய காலேஜ் எது?"ன்னேன். சரிங்க மேடம்னா. போகலை. அடுத்த வருஷமும் வந்துச்சு. அதுக்கும் போகலை. அவளே போகலைங்கறப்ப நான் என்ன பண்றது?

கை விஷயம் சொல்றேன்னேனே. ஒரு ஆட்டுக்கு வயித்துல தையல் போட்டுக்கிட்டு இருந்தேன். ஊசி நான் நினைச்ச இடத்துல போகலை. மறுபடியும் குத்தறேன், மறுபடியும் தள்ளிப் போகுது. அவ ஆட்டைப் புடிச்சிருந்தா. ஒரு கையை எடுத்து என்ற மணிக்கட்டைப் புடிச்சா பாரு. மெதுவாத்தான். நாயைப் புடிக்கறாளே, அதே மாதிரி. ஊசி சரியா இறங்குச்சு. ஆனா எனக்கு எப்புடி இருந்திருக்கும்? ஆட்டுக்காரன் முன்னாடி! அவன் போனதுக்கு அப்பறம், "என்னை என்ன நாயின்னு நினைச்சியா?"ன்னு கேட்டேன். "உங்க கை நடுங்குது மேடம், கோயமுத்தூர்ல நரம்பு டாக்டரைப் பார்க்கலாம், நான் கூட வர்றேன். அது வரைக்கும் தையலாவது நான் போடறேன்"னா. எல்லாம் எதுல வந்து முடியுது பார்த்தியா? தையலாவது நான் போடறேன்! சுகர் இருந்தா நடுங்கத்தான் செய்யும். அதுக்கு ஒரு நரம்பு டாக்டரா?

இனிமேல் சொல்றதுதான் எனக்கு... இரு கண்ணு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்புட்டுட்டு ஜமீன் நிலை கொள்ளாம நடந்துக்கிட்டே இருந்தான். வாந்தி எடுக்கப் பார்க்கறான், ஒண்ணும் வரலை. வயிறு தவில் மாதிரி உப்பி நிக்குது. உனக்குச் சொல்லோணுமா, படிச்சிருப்பே. இரைப்பை முறுக்கிக்கிச்சு. பார்த்த உடனே எனக்கும் தெரிஞ்சுது, அவளுக்கும் தெரிஞ்சுது. தூக்கிட்டு வந்து இதோ இந்த டேபிள்ல போட்டோம். காத்தை ஊசி வழியா எடுத்தோம். மயக்கம் குடுத்தோம். "மேடம், உடனே திறந்தா பொழைச்சுக்குவான். நான் பண்றேன், நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க"ன்னா. "நீ புடி"ன்னேன்.

கத்தியை எடுத்தேன். கை நிக்கலை கண்ணு. இந்தக் கை, இதே கை, நிக்கவே இல்லை. வெச்ச இடத்துல வெக்க முடியலை. பெத்த புள்ளை மாதிரி வளர்த்தவன் படுத்துக் கிடந்தா யாருக்குத்தான் நிக்கும்? கீழ வெச்சுட்டேன். உடுமலைப்பேட்டையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவருக்குப் போன் போட்டேன். ஒரு கல்யாணத்துல இருக்கேன், பந்தியில உக்காந்துட்டேன், முடிச்சுட்டு வர்றேன்னார். காத்திருந்தோம். வாணி கேட்டுக்கிட்டே இருக்கா. "மேடம், நேரம் போகுது. மேடம், எனக்குத் தெரியும். நீங்க பண்ணினதைப் பார்த்திருக்கேன், ஒவ்வொண்ணும் தெரியும்." பார்த்திருந்தா ஆச்சா? நீ பழகறதுக்கு என்ற ஜமீன்தான் கிடைச்சானான்னு கேட்டேன். அவ கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ கை அவன் கழுத்துக்கு அடியிலேயே இருந்துச்சு.

அப்பறம் அவனோட ஈறு வெளுத்துப் போச்சு. நாடி நூல் மாதிரி ஆயிருச்சு. அந்த ஆள் வரலை. நான்தான் சொன்னேன், ஏதாச்சும் பண்ணுடி, ஏதாச்சும் பண்ணுன்னு கத்தினேன். அவ கத்தியை எடுத்தா. நான் புடிச்சிருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது கண்ணு. அவ கையில ஒரு சின்ன அசைவு இல்லை. ஒரே கோடு. உள்ள கையை உட்டா, ஒரே தடவையில புடிச்சா, திருப்பி இருக்க வேண்டிய இடத்துல கொண்டு வந்து வெச்சுட்டா. எனக்கு அந்த இடத்துல நல்லாத் தடுமாறும். அவளுக்குத் தடுமாறலை. ஆனா இரைப்பை கன்னங்கரேல்னு இருந்துச்சு. ரத்தம் ஓடாம ரொம்ப நேரம் கிடந்தா அப்புடிக் கறுக்கும், உனக்குத்தான் தெரியுமே. அவ அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கொஞ்ச நேரத்துல என்ற கைக்குள்ளயே ஜமீன் மூச்சு நின்னுச்சு.

"கொன்னுட்டியேடி"ன்னேன்.

ஒரு வார்த்தை. வயிறு எரியறப்ப வர்ற வார்த்தை. வேற என்ன சொல்லுவேன் கண்ணு அந்த நேரத்துல? கத்தி அவ கையிலதானே இருந்துச்சு?

அவ செத்துப் போனவனுக்கு உக்காந்து முழுசாத் தையல் போட்டா. ஒவ்வொரு அடுக்கா. பொழைச்சு எந்திரிச்சு நடக்கப் போறவனுக்குப் போடற மாதிரி, அவ்வளவு சுத்தமா. வெந்நி வெச்சு ரத்தத்தைத் துடைச்சு உட்டா. அவளோட சேலை ஒண்ணுல சுத்தினா, நான் எடுத்துக் குடுத்த தீபாவளிச் சேலைதான். கொல்லையில அடக்கம் பண்ணினோம். அடுத்த நாள் காலையில பையை எடுத்துக்கிட்டு வந்து நின்னு, "போயிட்டு வர்றேன் மேடம்"னா. கோவத்துல நான் தலையை நிமிர்த்தலை. சாயங்காலம் வந்துருவான்னு நினைச்சேன். ராத்திரிச் சோறு அவளுக்கும் சேர்த்துத்தான் வடிச்சேன். ஒரு வார்த்தைக்கு, அதுவும் தாய் மாதிரி இருந்தவ சொன்ன ஒரு வார்த்தைக்கு, யாராச்சும் அப்புடியே போயிடுவாங்களா?

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்து போன். கோயமுத்தூர். ஆபரேஷனுக்கு டாக்டர் எடுக்கறாங்களாம், இவ போயிருக்கா. "உங்ககிட்ட இருந்தப்ப தனியா எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கல்லவா வரும்? "ஒண்ணு பண்ணினா, அந்த நாய் செத்துப் போச்சு"ன்னேன். உள்ளதைச் சொன்னேன். ஆனா மறக்காம, "புடிக்கறதுல அவளை மிஞ்ச ஆள் இல்லை"ன்னும் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு, ஒளிக்காமச் சொல்றேனே, அங்க எடுக்கலைன்னா இங்கதானே வருவான்னு. மேல் ரூமைக் கூட்டி, புது மெத்தை வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன்.

அங்கயும் எடுக்கலை. இங்கயும் வரலை.

போன மாசம் உடுமலை ரோட்டுல ஒரு கடையில பார்த்தேன். தீவனக் கம்பெனியில சேர்ந்துட்டாளாம். நாய்த் தீவனம், மாட்டுத் தீவனம், கடை கடையாப் போய்ச் சாம்பிள் குடுக்கறது. வெயில்ல கறுத்து, இன்னும் ஒல்லியாப் போய், கையில ஒரு பெரிய பை. எனக்கு அடிவயித்துல இருந்து அழுகை வந்துருச்சு கண்ணு. அப்பேர்ப்பட்ட கை! கத்தி புடிக்க வேண்டிய கை தீவனப் பையைப் புடிச்சிருக்கு. யார் பண்ணின பாவமோ. "ஏண்டி கண்ணு, டாக்டர் வேலையை உட்டுட்டியா?"ன்னேன். "எனக்கு ஆபரேஷன் வராதுங்க மேடம்"னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. அப்பறம் "உங்க கை எப்புடி மேடம் இருக்கு?"ன்னு கேட்டா. நான் கையைச் சேலைக்குள்ள வெச்சுக்கிட்டு, "அதுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு"ன்னேன். அவ பஸ் வந்துருச்சு. ஏறிப் போயிட்டா.

அவ்வளவுதான் கண்ணு கதை. இதுல நான் விரட்டினேன்னு சொல்றாங்களே, நீயே சொல்லு.

என்ன ராமாத்தா? வந்துட்டாங்களா? ஒரு லாரிக்காரரோட பெட்டை நாய். கர்ப்பப்பையில சீழ் கோத்திருக்கு கண்ணு, இன்னிக்கே எடுத்தாகோணும். நீ வர்றேன்னு சொன்னதாலதான் இன்னிக்கு வரச் சொன்னேன். என்ன கேக்கற? நீ பண்றதா? வந்து டீ டம்ளர்கூட இன்னும் கீழ வெக்கலை, அதுக்குள்ளயா? அட, பண்ணலாம் கண்ணு, எல்லாம் பண்ணலாம். இங்கயே இருக்கப் போறவதானே. கொஞ்ச நாள் பக்கத்துல நின்னு பாரு. இன்னிக்கு நீ சும்மாப் புடிச்சுக்க, அது போதும்.

ஏன் கண்ணு எந்திரிச்சுட்ட? சர்டிபிகேட்டை நான் இன்னும் பார்க்கவே இல்லையே. இரு, மேல் ரூமைக் காட்டறேன், காத்து நல்லா வரும். சாப்புட்டுட்டாவது போ. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கண்ணு... ஏய், கண்ணு...

போயிட்டா.

ராமாத்தா, அந்த லாரிக்காரரைக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகச் சொல்லு. சீக்கிரம் போகச் சொல்லு, நாய் தாங்காது. எதுக்குன்னு கேட்டா, இங்க டாக்டர் இல்லைன்னு சொல்லிடு.